இருபத்தேழு ரூபாய்ச் சேவல்

கருப்பட்டிக் கடை ரசலையனுக்கு ஆரம்பத்தில் பாங்கியின் மேல் ஒரு கோபமும் கிடையாது. சொல்லப்போனால் அளவு கடந்த மரியாதை. கோட்டாற்றில் கடை போட்டிருந்த கருப்பட்டி வியாபாரிகளில் ஓவர் டிராப்டு என்ற சங்கதி கிடைத்திருந்தது அவர் ஒருவருக்குத்தான். கணக்கில் காலணா இல்லாவிட்டாலும் ஐந்நூறு ரூபாய் வரைக்கும் செக் எழுதிப் பணம் எடுத்துக்கொள்ளலாம், எடுத்த பணத்துக்கு மட்டும் வட்டி கட்டினால் போதும் என்று பாங்கி சம்மதித்திருந்தது. இதை யாரிடமாவது சொல்லும்போது அவர் குரல் தானாகவே கொஞ்சம் உயரும். அதற்கு ஈடாகத் தன் கிட்டங்கியின் பத்திரம் பாங்கியின் இரும்புப் பெட்டிக்குள் போய்விட்டதை மட்டும் சத்தமாகச் சொல்லமாட்டார்.

கிட்டங்கி என்பது கருப்பட்டி அடுக்கி வைக்கிற ஓட்டுக் கட்டடம். ஊருக்கு அது வெறும் நாலு சுவர். ரசலையனுக்கு அது அவர் ஆயுசு. இருபத்திரண்டு வயது வரை பனையேறியவர். ஒரு நாள் பாளையோடு சேர்ந்து கீழே வந்தார். உயிர் தப்பியது, இடது முழங்கால் தப்பவில்லை. அதற்குப் பிறகு ஓர் ஓலைப்பெட்டிக் கருப்பட்டியைத் தலையில் சுமந்து, நொண்டிக்கொண்டே வீடு வீடாக விற்று, பதினைந்து வருஷத்தில் எழுப்பியதுதான் அந்த நாலு சுவர்.

அந்த வியாபாரத்தின் ரகசியம் ஒன்றும் பெரிதல்ல. மாசியிலிருந்து ஆடி வரை பனை சுரக்கும். ஆண்கள் ஏறி அக்கானி என்கிற பதநீரை இறக்குவார்கள், பெண்கள் விடிலி என்கிற ஓலைக் குடிசையில் உட்கார்ந்து புகையில் கண் எரியக் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுவார்கள். வியாபாரி சனிக்கிழமைதோறும் பனந்தோப்பான விளைக்குப் போய்க் காசு கொடுத்துச் சரக்கை எடுத்து, கிட்டங்கிப் பரணில் ஏற்றி, கீழே புகை போட்டு ஈரம் தட்டாமல் காப்பாற்றி, ஐப்பசி மழையில் விலை ஏறும்போது விற்கவேண்டும். பங்குனியில் கையில் காசு இல்லாதவனுக்கு ஐப்பசியில் சரக்கு இல்லை. மற்ற வியாபாரிகள் நூறு கருப்பட்டிக்கு ஐந்தை உடைசல் என்று சொல்லிக் காசு தராமல் கழிப்பார்கள். ரசலையன் கழிக்கமாட்டார். உடைந்த கருப்பட்டி இனிக்காதா என்பது அவர் கேள்வி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துமூன்று, பங்குனி மாதம். ஊர்க் கிறிஸ்தவச் சபையில் அறுப்பின் பண்டிகை வந்தது. ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம். வாழைக்குலை, தேங்காய், பூசணி, நெல், ஆடு, கோழி என்று அவரவர் படைத்ததை எடுத்து வைத்து, சபை மூப்பர் மத்தியாஸ் தொண்டை கிழியக் கூவுவார். நாலு சக்கரக் காசு பெறாத தேங்காய் இரண்டு ரூபாய்க்குப் போகும். ஏலம் என்பது பெயருக்குத்தான். உண்மையில் அது யார் பெரியவன் என்று பார்க்கிற இடம். அதிலும் அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஏலம் எடுத்தவர் முற்றத்தை விட்டுப் போவதற்குமுன் பணத்தைக் காணிக்கைத் தட்டில் வைத்துவிட வேண்டும். வைக்காதவர் பெயரை அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்துக்கு முன்னால் பாக்கிதாரர் என்று வாசிப்பார்கள். கொலைக்குற்றத்தைக்கூடப் பொறுத்துக்கொள்வான் எங்கள் ஊர்க்காரன், பெயரை வாசிப்பதைப் பொறுக்கமாட்டான்.

அன்றைக்கு மத்தியாஸ் கையில் ஒரு சேவல் வந்தது. பனையேறி தங்கையனின் மனைவி செல்லபாய் படைத்தது. கழுத்தில் பாதி இறகு இல்லை, ஆனால் கண்ணில் திமிர் இருந்தது. முன் வரிசை நாற்காலியில் ஞானதாசன் உட்கார்ந்திருந்தார். கோட்டாற்றுப் பாங்கிக்குப் புதிதாக வந்த மேனேஜர், போதாக்குறைக்கு அந்த ஊருக்கு மாப்பிள்ளை. சேவலைப் பார்த்து அவர் சிரித்தார்.

"இந்தக் காய்ஞ்ச சேவலுக்கு எட்டுச் சக்கரமே ஜாஸ்தி" என்றார்.

நாற்காலிக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பெண்கள் பக்கத்தில் செல்லபாய் தலையைக் குனிந்துகொண்டாள். ரசலையன் அதைப் பார்த்துவிட்டார். அந்த வீட்டில் இருந்த ஒரே சேவல் அது என்பது அவருக்குத் தெரியும்.

"ஒரு ரூபா" என்றார்.

மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார். ஒரு கருப்பட்டிக்காரன் சொன்னதற்குமேல் சொல்லாமல் இருந்தால் மாமனார் வீட்டில் எப்படிச் சோறு இறங்கும்? "இரண்டு" என்றார். ரசலையன் மூன்று என்றார். பத்தைத் தாண்டியபோது சிரிப்பு நின்றது. இருபதில் குழந்தைகள் அழுவதை நிறுத்தின. மத்தியாஸ் கூவுவதை மறந்து இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இருபத்தாறு என்றார் மேனேஜர். இருபத்தேழு என்றார் ரசலையன். மேனேஜர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வச்சுக்கிடும்" என்று விட்டுவிட்டார்.

இருபத்தேழு ரூபாய்க்கு அந்தக் காலத்தில் ஒரு நல்ல பசுமாடு வாங்கலாம்.

ரசலையன் மடியில் இருந்தது மூன்று ரூபாய். அதனால் என்ன? சட்டைப் பையில் செக் புத்தகம் இருந்தது. இதுவரை எடுத்தது நானூற்று எழுபது. இருபத்தேழைக் கூட்டினாலும் எல்லைக்குள்தான், இன்னும் மூன்று ரூபாய் மிச்சம்கூட இருக்கும். மனத்துக்குள் கூட்டிப் பார்த்துவிட்டு, எல்லாரும் பார்க்கும்படி முழங்காலில் வைத்து எழுதித் தட்டில் போட்டார். பாங்கி மாதக் கடைசியில் வட்டி எழுதும் என்பது அந்தச் சந்தோஷத்தில் நினைவுக்கு வரவே இல்லை. முந்தின நாள்தான் ஒன்பது ரூபாய் வட்டியைப் பற்றில் எழுதியிருந்தார்கள்.

சேவலோடு வீட்டுக்கு வந்தவரை அவர் மனைவி ஜெயபாய் வாசலிலேயே நிறுத்தினாள்.

"இதைக் குழம்பு வைக்கவா, இல்ல கழுத்துல சங்கிலியாப் போட்டுக்கிடவா?"

"செல்லபாய் தலை குனிஞ்சிட்டா பாத்துக்க. எனக்குப் பொறுக்கல்ல."

ஜெயபாய் அதைக் கையில் வாங்கிக்கொண்டாள். சேவலை அறுக்க மட்டும் அவளுக்குக் கை வரவில்லை. இருபத்தேழு ரூபாயை யார் அறுப்பார்கள்? அது கிட்டங்கி வாசலில் குடியேறியது.

புதன்கிழமை பாங்கியிலிருந்து கடிதம் வந்தது. பக்கத்துத் துணிக்கடைக்காரர் வாசித்து அர்த்தம் சொன்னார். கணக்கு எல்லையைத் தாண்டி ஆறு ரூபாய் போய்விட்டது, அதற்கு அபராதம் பத்து ரூபாய். அதோடு விட்டார்களா? இனி ஒரு சக்கரம்கூட எடுக்க முடியாது, முழுப்பணத்தையும் கார்த்திகை பிறப்பதற்குள் கட்டிவிட வேண்டும், தவறினால் கிட்டங்கி ஏலத்துக்குப் போகும்.

தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு பாங்கிக்குப் போனார். ஞானதாசன் மேஜைக்குப் பின்னால் இருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"சாரே, வட்டி எழுதினது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அந்தச் சேவலைத் தொட்டிருக்கவே மாட்டேன்."

"தெரியாதுங்கது பாங்கியில ஒரு பதில் இல்ல."

"ஆறு ரூபா மிஞ்சினதுக்குப் பத்து ரூபா அபராதமா?"

"ஆறானாலும் அறுநூறானாலும் பத்துதான். எல்லைன்னா எல்லை."

"அபராதத்தைக் கட்டிருகேன் சாரே. பணம் எடுக்கத நிறுத்திப்போடாதீங்க. இது பங்குனியாக்கும். இப்பம் நிறுத்தினா எனக்கு இந்த வருஷமே இல்ல." மேஜைப் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்துச் சொன்னார்: "அன்னைக்கு நீங்களுந்தான என்கூட ஏலம் கேட்டீங்க?"

"சபையில நான் ஞானதாசன். இங்க நான் மேனேஜர்."

ரசலையன் வெளியே வந்தார். கோபம் வந்தால் அவருக்கு நொண்டல் அதிகமாகும். அன்று கடைக்கு வந்து சேர வெகுநேரம் ஆயிற்று. மறுநாள் கடையில் இருந்த சில்லறையைத் திரட்டி அபராதத்தைக் கட்டப் போனார். அதை வாங்கிக்கொண்டாலும் தடை நீங்காது என்று தெரிந்ததும் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்.

சனிக்கிழமை விளைக்குப் போகாமல் இருந்துவிடலாம் என்றுகூட நினைத்தார். ஆனால் அவருக்காகக் காய்ச்சி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களே! போனார். விடிலிகளின் முன்னால் கருப்பட்டி அடுக்கியிருந்தது. பக்கத்தில் வேறொரு வியாபாரியின் ஆள் பணப்பையோடு ஏற்கனவே உட்கார்ந்திருந்தான். இந்த மாதிரிச் சேதிக்கெல்லாம் எங்கள் ஊரில் கால் முளைத்துவிடும். அவன் முக்கால் விலை சொல்லிக்கொண்டிருந்தான், உடைசல் கழிவு தனி.

ரசலையன் சுற்றி வளைக்கவில்லை.

"மக்கா, கையில காசு இல்ல. பாங்கி நிறுத்திட்டு. என்னை நம்பி யாரும் வீட்டுல அடுப்பை அணைச்சுப் போடாதீங்க. அவன் குடுக்கத வாங்கிக்கிடுங்க."

சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். அழுகை வந்துவிடும் போலிருந்தது. நாற்பது வயது ஆண்பிள்ளை விளையில் நின்று அழுதால் அதற்கும் ஒரு பெயர் வைப்பார்கள்.

"அண்ணாச்சி, கொஞ்சம் நில்லுங்க" என்றாள் செல்லபாய். கையில் கிண்டுகிற துடுப்போடு விடிலிக்கு வெளியே வந்தாள். "என் சேவலாலதான உங்களுக்கு இந்தக் கெதி?"

"சேவல் என்ன செய்யும்? என் வாய்."

"அந்த வாயி எனக்காகத்தான பேசிச்சு. நான் அங்கதான இருந்தேன், எனக்குத் தெரியாதா?" அவள் மற்ற பெண்கள் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, பத்து வருஷமா உடைசல்னு ஒரு சில்லியாவது கழிச்சிருக்காரா இவரு?" பெண்கள் இல்லை என்று தலையாட்டினார்கள். பிறகு ரசலையனிடம் சொன்னாள்: "காசு மழைக்குப் பெறவு போரும் அண்ணாச்சி. வயித்துக்கு மட்டும் வாராவாரம் நெல்லு தாருங்க. சரக்கை எடுத்துக்கிட்டுப் போங்க."

பணப்பைக்காரன் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டான். அவனை யாரும் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை.

இப்போது நெல்லுக்கு எங்கே போவது? ஜெயபாயின் பிறந்த வீடு தோவாளைப் பக்கம். கும்பப்பூ அறுவடையில் அவள் பங்குக்கு இருபது கோட்டை நெல் வரவேண்டியிருந்தது. அதை விற்று இரண்டு வளையல் செய்வதாக ஆறு மாதமாகத் தட்டானிடம் பேசிவைத்திருந்தாள். ரசலையன் அவள் முகத்தைப் பார்க்காமல் விஷயத்தைச் சொன்னார்.

"இருபத்தேழு ரூபாச் சேவலுக்குத் தீனி போடுகவளுக்கு, காய்ச்சிப் போடுக மனுசிகளுக்குச் சோறு போட முடியாதாக்கும்?" என்றாள் ஜெயபாய். அண்ணனுக்குச் சொல்லியனுப்பி வண்டியோடு நெல்லை வரவழைத்தாள். சனிக்கிழமைதோறும் அவளே விளைக்குப் போய் மரக்காலால் அளந்து போட்டாள். தலைதட்டி அளக்கவில்லை, குவித்து அளந்தாள்.

இந்த நெல் சங்கதி காற்றில் பரவியது. பக்கத்து விளைக்காரர்களும் வந்தார்கள். காசைவிட நெல் உறுதி, மழைக்குப் பிறகு விற்கிற விலையில் பங்கு என்று ரசலையன் சொன்னது அதைவிட உறுதி. ஆடி முடியும்போது கிட்டங்கிப் பரண் நிரம்பி, தரையில் பலகை போட்டு அடுக்கவேண்டி வந்தது. எழுப்பிய நாளிலிருந்து அவ்வளவு சரக்கை அந்தக் கட்டடம் கண்டதில்லை.

சேவலும் சும்மா இருக்கவில்லை. இறகெல்லாம் முளைத்துத் தடித்துவிட்டது. கிட்டங்கி வாசற்படிக்கு வெளியே நிற்கும்வரை யாரையும் ஒன்றும் செய்யாது. படியைத் தாண்டிக் காலை வைத்தால் பாய்ந்து கொத்தும். சரக்கு இறக்க வந்த தங்கையன் காலைத் தடவிக்கொண்டே, "எல்லையைத் தாண்டினா அபராதம் போடுகு பாரு, இவன் சேவல் இல்ல, மேனேசராக்கும்" என்றான். அன்றிலிருந்து அதற்கு அதுவே பெயர். கோட்டாற்றுக் கடைத்தெரு முழுக்க 'மேனேசர் சாப்பிட்டாச்சா' என்று விசாரிக்க ஆரம்பித்தது.

புரட்டாசியிலேயே மற்ற வியாபாரிகள் பொறுமை இழந்து விற்றுத் தீர்த்தார்கள். ரசலையன் காத்திருந்தார். காத்திருப்பது சுலபமில்லை, கார்த்திகை நெருங்கிக்கொண்டிருந்தது. ஐப்பசி பிறந்தும் வானம் பளிச்சென்று இருந்தது. விலை அசையவே இல்லை. பாங்கியிலிருந்து நினைவூட்டி இன்னொரு கடிதம் வந்தது. ரசலையன் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து போய்க் கிட்டங்கிச் சுவரைத் தடவிப் பார்ப்பதை ஜெயபாய் கண்டும் காணாததுபோல இருந்தாள்.

ஐந்தாம் தேதி பிடித்தது மழை. பிடித்தது என்றால் சாதாரணப் பிடியில்லை. பழையாற்றில் வெள்ளம் புரண்டது. ஓடுகளுக்கிடையே ஒழுகல் கண்டது. கருப்பட்டிக்கு ஈரம் பட்டால் இளகிவிடும், இளகினால் எல்லாம் போயிற்று. ரசலையன் தனியாளாக என்ன செய்வார்? காலையில் பார்த்தால் தங்கையனும் செல்லபாயும் இன்னும் இருபது பேரும் தலையில் ஓலைக் குடையோடு வாசலில் நின்றார்கள். ஆண்கள் கூரையில் ஏறி ஓலை செருகினார்கள். பெண்கள் உள்ளே உட்கார்ந்து தேங்காய்த் தொண்டு போட்டுப் புகை மூட்டினார்கள். மழை விடும்வரை முறை வைத்துக்கொண்டு வந்தார்கள். மேனேசர் அவர்களில் ஒருவரையும் கொத்தவில்லை என்று ஜெயபாய் சத்தியம் செய்வாள். நான் அதை நம்பவில்லை, ஆனால் மறுத்துப் பேசவும் தைரியமில்லை.

மழை வெறித்த வாரம் கருப்பட்டி விலை இரண்டு மடங்கைத் தொட்டது. நாகர்கோவில், தக்கலை, குளச்சல் வரை சரக்கு அவர் ஒருவரிடம்தான் இருந்தது. வண்டிகள் வாசலில் வரிசை கட்டின. விற்ற காசோடு ரசலையன் முதலில் விளைக்குப் போனார். பேசியதற்கு மேலாகவே ஒவ்வொரு விடிலிக்கும் எண்ணி வைத்தார். பிறகு, கார்த்திகை பிறப்பதற்குமுன், பாங்கிக்குப் போனார்.

எடுத்த பணம், வட்டி, எல்லாம் நோட்டாக வைத்தார். பத்து ரூபாய் அபராதத்தை மட்டும் வெள்ளி ரூபாயாகக் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொன்றாக மேஜைமேல் வைத்தார், ஒவ்வொன்றும் ணங்கென்று சத்தம் போட்டது. குமாஸ்தாக்கள் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

ஞானதாசன் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க. உங்க ஓவர் டிராப்டைப் புதுப்பிச்சிடலாம். எண்ணூறு வரைக்கும்கூட நான் சிபாரிசு பண்ணுவேன்."

"வேண்டாம் சாரே. பத்திரத்தைத் தாருங்க."

பத்திரத்தை வாங்கித் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார். அன்றைக்கு அவர் நொண்டியதாக யாருக்கும் நினைவில்லை.

கதை இதோடு முடிந்திருந்தாலே ரசலையனுக்கு நிறைவுதான். ஆனால் பங்குனியில் மறுபடியும் அறுப்பின் பண்டிகை வந்துவிட்டதே!

ஜெயபாய் சேவலைக் குளிப்பாட்டி, காலில் சிவப்பு நாடா கட்டி, காணிக்கையாகப் படைத்தாள். மத்தியாஸ் அதைத் தூக்கிப் பிடித்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து தங்கையன், "மேனேசர் ஏலத்துக்கு வந்தாச்சு லேய்!" என்று கத்தினான்.

முற்றம் அதிர்ந்தது. "மேனேசரு ஒரு ரூபா!" என்றான் ஒருவன். "மேனேசரை எனக்குத் தாருங்க, நான் குருமா வைக்கேன்" என்றான் இன்னொருவன். போதகர் இருமலில் சிரிப்பை மறைத்தார். முன் வரிசை நாற்காலியில் ஞானதாசனின் காதுகள் சிவந்தன. தன் பெயரில் ஒரு சேவல் குழம்பாவதை, அதுவும் மாமனார் ஊரில், எந்த மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருப்பான்?

"அஞ்சு ரூபாய்" என்றார் அவர், பேச்சை முடித்துவிடலாம் என்று.

"ஆறு" என்றார் ரசலையன்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஜெயபாய் பலமாகச் செருமினாள். ரசலையன் திரும்பவே இல்லை. பத்து, பதினைந்து, இருபது. செல்லபாய் எழுந்து நின்றுவிட்டாள். மேனேஜர் இருபத்தாறு என்றார். ரசலையன் இருபத்தேழு என்றார். அப்புறம் வாயை மூடிக்கொண்டு மேலே வேப்பமரத்தைப் பார்த்தார்.

மத்தியாஸ் ஒரு தரம் என்றார். மேனேஜர் அசையவில்லை. இரண்டு தரம் என்றார். ஜெயபாய் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இருபத்தெட்டு!" என்றார் ஞானதாசன்.

"உங்களுக்கே ஆகட்டும் சாரே" என்றார் ரசலையன். எங்கே நிறுத்தவேண்டும் என்பதை அவர் பத்து ரூபாய் கொடுத்துப் படித்தவர்.

ஞானதாசன் பர்ஸைத் திறந்தார். எண்ணினார். சட்டைப் பையைத் துழாவினார். மறுபடி எண்ணினார். ஆறு ரூபாய் குறைந்தது என்று சொன்னால் கதை இன்னும் அழகாக இருக்கும், ஆனால் குறைந்தது நாலு ரூபாய்தான். செக் புத்தகத்தைப் பாங்கி மேஜையில் வைத்துவிட்டு வந்திருந்தார். அவர் கண் பாக்கிதாரர் பெயர் எழுதுகிறவரின் பென்சிலுக்குப் போயிற்று.

ரசலையன் எழுந்தார். மடியை அவிழ்த்து நாலு வெள்ளி ரூபாயை எடுத்துத் தட்டில் வைத்தார்.

"எல்லையைத் தாண்டிப் போச்சு சாரே, பரவாயில்ல. கையில வரும்போது தாருங்க. எங்க கடையில அபராதம் கிடையாது."

முதலில் சிரித்தது போதகர்தான் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். பிறகு முற்றமே சிரித்தது. கடைசியில் ஞானதாசனும் சிரித்துவிட்டார், வேறு வழி? மறுநாள் காலை அவரே கடைக்கு வந்து நாலு ரூபாயை நீட்டினார். கணுக்காலில், சேவலின் அலகு எட்டுகிற உயரத்தில், துணிக்கட்டுப் போட்டிருந்தார். ரசலையன் பணத்தை எண்ணிப் பார்க்காமல் பெட்டிக்குள் போட்டுவிட்டு, அவருக்கு உட்கார ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார்.